பண்டைய ஏதென்ஸில் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டைய கிரேக்கம் என்றதும் பளிங்குச் சிலைகளும் சாக்ரடீஸும் ஒலிம்பிக் போட்டியும் நினைவுக்கு வந்துவிடும். அந்தச் சிலையைச் செதுக்கியவருக்கு நாள் கூலி எவ்வளவு, அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள், அவர் மனைவி தெருவில் இறங்கி நடக்க முடிந்ததா என்று கேட்டால் பாடப்புத்தகத்தில் பதில் இருக்காது. இந்தப் பேச்செடுத்தால் வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கிரேக்கம் என்று சொல்லிவிட்டு ஏன் ஏதென்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள்?

அந்தக் காலத்தில் கிரேக்கம் என்று ஒரே நாடு கிடையாது. சிசிலியிலிருந்து கருங்கடல் கரை வரை நூற்றுக்கணக்கான நகர அரசுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி நாள்காட்டி, பல ஊர்களுக்குத் தனி நாணயம். பேசும் மொழியும் கும்பிடும் கடவுள்களும்தான் பொது. எனவே "கிரேக்கர்கள் இப்படிச் செய்தார்கள்" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்த ஊரில், எந்த நூற்றாண்டில் என்று திருப்பிக் கேட்பது நல்லது.

ஏதென்ஸைப் பற்றி மட்டும் நமக்கு நிறையத் தெரியும், அதுவும் கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைப் பற்றி. கட்டுமானக் கணக்குகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கிணறுகளைத் தோண்டினால் உடைந்த சட்டி பானை வருகிறது. எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவை நீதிமன்றப் பேச்சுகள். நூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன. வழக்காடுபவன் தன் கட்சியை ஜெயிக்க வைக்கப் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதே ஊர்க்காரர்கள். வீடு, சம்பளம், மாமியார், பக்கத்து வீடு பற்றிச் சொல்லும்போது அவர்கள் நம்பும்படிதான் சொல்லியாக வேண்டும். ஏதென்ஸை அறிய தத்துவ நூல்களைவிட இந்தப் பேச்சுகளே நல்ல வழி என்பது என் எண்ணம்.

ஏதென்ஸில் எல்லோருக்கும் ஓட்டு இருந்ததா?

இல்லை. 18 வயதான ஆண், அவனுடைய ஊர்ப்பிரிவின் பதிவேட்டில் பெயர் ஏறியவன், அவனுக்கு மட்டுமே உரிமை. கி.மு. 451இல் ஏதென்ஸின் தலைவர்களில் ஒருவரான பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம் இதை இன்னும் இறுக்கியது: தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். பெண்களுக்கு ஓட்டு கிடையாது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் கிடையாது. அடிமைகளுக்கு எதுவுமே கிடையாது. இன்னொரு பெரிய நகர அரசான ஸ்பார்ட்டாவுடனான பெரும்போர் தொடங்கிய கி.மு. 431இல் ஏதென்ஸும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்து இரண்டரை முதல் மூன்று லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதில் வாக்குரிமை பெற்ற ஆண்கள் ஐம்பதாயிரத்தை ஒட்டி வரலாம்.

இந்தப் பக்கத்தில் வரும் எந்தப் பதிலைப் படித்தாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐம்பதாயிரம் பேர் கூடிப் பேசவும் ஓட்டுப் போடவும் நேரம் கிடைத்ததற்கு, மற்றவர்கள் வீட்டிலும் பட்டறையிலும் சுரங்கத்திலும் உழைத்தது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் அந்த ஜனநாயகம் வெறும் பெயருக்குத்தானா?

அப்படித் தள்ளிவிட முடியாது. குடிமகன் என்ற வட்டத்துக்குள் வந்தவனுக்கு, அவன் செருப்புத் தைப்பவனாக இருந்தாலும், உண்மையான அதிகாரம் இருந்தது. நாட்டின் அன்றாட அலுவலைப் பார்த்த 500 பேர் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்தல் வைக்காமல் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் இருக்க முடியாது. வழக்குகளைத் தீர்க்க ஆண்டுக்கு 6,000 பேர் கொண்ட நடுவர் பட்டியல் ஒன்று உண்டு. ஒரு வழக்குக்கு 201 பேர், 501 பேர் என்று உட்காருவார்கள். நீதிபதி என்று தனியாக யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. வாதி, பிரதிவாதி பேசும் நேரத்தைத் தண்ணீர்க் கடிகாரம் அளந்தது. அடியில் ஓட்டை போட்ட மண்பானை அது. அகோரா என்ற சந்தைத் திடலில் நடந்த அகழாய்வில் கிடைத்த ஒன்று சுமார் ஆறு நிமிடத்தில் காலியாகும் அளவு.

நடுவராக உட்கார்ந்தால் நாளுக்கு 2 ஓபல் (6 ஓபல் சேர்ந்தால் ஒரு திராக்மா), பின்னாளில் 3 ஓபல் படி கொடுத்தார்கள். கூலிக்குப் போகும் ஏழை அன்றைய வேலையை விட்டுவிட்டு வர இந்தப் படிதான் வழி செய்தது. அதனாலேயே பணக்காரர் பலருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

பதவிக்கு வருபவரை முன்கூட்டியே விசாரிக்கும் வழக்கமும் உண்டு. முக்கியமான ஒன்பது பதவிகளுக்குச் சீட்டில் பெயர் வந்தவரிடம் கேட்ட கேள்விகள் அப்படியே கிடைத்திருக்கின்றன. உன் அப்பா யார், எந்த ஊர்ப்பிரிவு? அம்மாவின் அப்பா யார்? குலதெய்வக் கோயில் எங்கே இருக்கிறது? குடும்பத்துக் கல்லறைகள் எங்கே? பெற்றோரை நன்றாக வைத்துக்கொள்கிறாயா? வரி கட்டுகிறாயா? படையில் பணி செய்திருக்கிறாயா? கடைசியில், இவர்மேல் யாருக்காவது புகார் உண்டா என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். என்ன படித்திருக்கிறாய் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

ஓட்டுப் போட்டு ஆளை நாடு கடத்துவார்களாமே?

ஆமாம். செல்வாக்கு மிகுந்துபோன ஒருவரால் ஆபத்து வரும் என்று மக்கள் நினைத்தால், உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். 6,000 ஓட்டு சேர்ந்தால்தான் செல்லும். அதிக ஓட்டு வாங்கியவர் பத்து ஆண்டு ஊரை விட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது.

இதில் தில்லுமுல்லும் நடந்திருக்கிறது. அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளிஸ் பெயர். பாரசீகக் கப்பற்படையை வென்று ஊரைக் காப்பாற்றியவர் அவர். எழுத்தைக் கூர்ந்து பார்த்தபோது, அத்தனையையும் எழுதியது வெறும் 14 பேரின் கை என்று தெரிந்தது. யாரோ எதிரணிக்காரர்கள் முன்கூட்டியே எழுதி, வருகிறவர்களிடம் நீட்டுவதற்காகத் தயாராக வைத்திருந்தார்கள்.

வீடுகள் எப்படி இருந்தன?

கோயில்கள்தான் பளிங்கு. வீடுகள் எல்லாம் கல் அடித்தளத்தின் மேல் பச்சை மண்கல் சுவர், ஓட்டுக் கூரை. திருடன் கதவை உடைக்க மெனக்கெடமாட்டான், சுவரில் கன்னம் வைத்துவிடுவான். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். தெருப்பக்கம் ஜன்னல் குறைவு. ஆண் விருந்தாளிகளுக்கென்று ஒரு அறை உண்டு. வசதியான வீட்டில் அதன் தரையில் கூழாங்கல் பதித்திருப்பார்கள். சாய்ந்து படுத்துச் சாப்பிடும் கட்டில்களைச் சுவரோரம் வரிசையாகப் போட வேண்டும் என்பதால் அந்த அறையின் வாசல் நடுவில் இல்லாமல் சற்று ஓரமாக இருக்கும்.

வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி ஓடியது என்பதைக் காட்ட ஒரு வழக்கு இருக்கிறது. யூஃபிலேட்டஸ் என்பவன் தன் மனைவியோடு கள்ள உறவு வைத்திருந்தவனைக் கொன்றுவிட்டு, நீதிமன்றத்தில் நின்று சொன்ன பேச்சு. எழுதிக் கொடுத்தவர் லிசியாஸ் என்ற பேச்செழுத்தாளர். தன் வீடு மாடி வீடு, சின்னதுதான், மேலே பெண்கள், கீழே ஆண்கள் என்று இருந்தோம் என்கிறான். குழந்தை பிறந்ததும் அதைக் கழுவ மனைவி ஒவ்வொரு தடவையும் மாடிப்படி இறங்கினால் விழுந்துவிடுவாளோ என்று, தான் மாடிக்குப் போய்ப் பெண்களைக் கீழே மாற்றினானாம்.

ஒருநாள் வயலிலிருந்து எதிர்பாராமல் வந்துவிட்டான். இரவில் குழந்தை அழுகிறது, போய்ப் பால் கொடு என்கிறான். அவள் சிரித்துக்கொண்டே வெளியே போய், விளையாட்டுப்போலக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறாள். காலையில், ராத்திரி ஏன் கதவுச் சத்தம் கேட்டது என்று கேட்டால், குழந்தை பக்கத்தில் இருந்த விளக்கு அணைந்துவிட்டது, பக்கத்து வீட்டில் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்கிறாள். அவள் முகத்தில் வெள்ளைப்பூச்சு இருந்ததாகத் தோன்றியது என்றும், அவள் அண்ணனோ தம்பியோ இறந்து முப்பது நாள்கூட ஆகாத நேரம் அது என்றும் சொல்கிறான்.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். துக்க வீட்டில் அலங்காரம் கூடாது என்பதும், அணைந்த விளக்கை ஏற்ற அக்கம்பக்கம் போவதும், வேலைக்காரப் பெண் குழந்தையோடு கீழே படுப்பதும் இந்த ஒரே பேச்சில் வந்துவிடுகின்றன. அந்த மனைவியின் பெயரை மட்டும் யாரும் கடைசிவரை சொல்லவில்லை. மரியாதையான பெண்ணின் பெயரை நீதிமன்றத்தில் உரக்கச் சொல்வது வழக்கம் இல்லை.

என்ன சாப்பிட்டார்கள்?

பார்லி. ஏழைக்கும் நடுத்தரத்துக்கும் அதுதான் அன்றாடம். வறுத்து அரைத்த பார்லி மாவைத் தண்ணீரோ பாலோ எண்ணெயோ விட்டு, நம் வீட்டில் சத்துமாவு உருண்டை பிடிப்பதுபோல் பிசைந்து சாப்பிடுவார்கள். அதன் பெயர் மாசா. கோதுமை ரொட்டி சற்று உயர்வு. தொட்டுக்கொள்ள ஆலிவ், பாலாடைக்கட்டி, வெங்காயம், பூண்டு, அத்திப்பழம், பருப்புக் கஞ்சி, கருவாடு, காசு இருந்தால் நல்ல மீன். பக்கத்துப் பகுதியான போயோஷியாவின் கோப்பயிஸ் ஏரி விலாங்கு மீனுக்கு ஏதென்ஸில் உயிரை விடுவார்கள். ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் பெரும்பாலும் திருவிழாப் பலியின்போதுதான் கிடைக்கும். தொடை எலும்பையும் கொழுப்பையும் கடவுளுக்கு எரித்துவிட்டுக் கறியைப் பங்கு போடுவார்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எதுவும் அங்கே இல்லை. சர்க்கரைக்குத் தேன்.

காலையில் ரொட்டியைத் திராட்சை மதுவில் தோய்த்துச் சாப்பிடுவது உண்டு. மதுவில் தண்ணீர் கலக்காமல் குடிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று நினைத்தார்கள்.

ஏதென்ஸைச் சுற்றியுள்ள மண் கோதுமைக்கு ஏற்றதல்ல. எனவே தானியம் கப்பலில் வர வேண்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் கருங்கடல் பக்கத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் மெடிம்னோஸ் தானியம் வந்ததாக டெமாஸ்தெனிஸ் என்ற பேச்சாளர் சொல்கிறார். ஒரு மெடிம்னோஸ் ஏறக்குறைய 52 லிட்டர். தானிய வியாபாரி பதுக்கினால் விலை ஏறும், ஊர் பட்டினி கிடக்கும் என்ற பயம் எப்போதும் இருந்தது. ஒரே நேரத்தில் 50 கூடைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். மீறியவர்களுக்கு மரண தண்டனை கேட்டு நடந்த வழக்கின் பேச்சும் கிடைத்திருக்கிறது.

கல்யாணம் எப்படி நடந்தது?

பெண்ணுக்குப் பதினான்கு பதினைந்து வயது, மாப்பிள்ளைக்கு முப்பதை ஒட்டி. பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையும் பேசி முடிப்பார்கள். பெண்ணின் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. செனஃபோன் என்ற எழுத்தாளர் எழுதிய ஓர் உரையாடலில் இஸ்கோமக்கஸ் என்ற கணவன், என்னிடம் வந்தபோது அவளுக்குப் பதினைந்துகூட ஆகவில்லை, அதுவரை முடிந்தவரை குறைவாகப் பார்க்கவும் கேட்கவும் பேசவும் வேண்டும் என்று வளர்த்திருந்தார்கள் என்கிறான். பெருமையாகத்தான் சொல்கிறான். படிக்கும்போது அந்தப் பிள்ளையின் மேல் இரக்கம் வராமல் இருக்காது.

வரதட்சணை உண்டு. ஆனால் அதற்கு ஒரு கடிவாளமும் உண்டு. அந்தப் பணத்தைக் கணவன் நிர்வகிக்கலாமே தவிர, பெண்ணை அனுப்பிவிட்டால் பணத்தையும் அவள் பிறந்த வீட்டுக்குத் திருப்ப வேண்டும். தராமல் இழுத்தடித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இந்தப் பயத்தில் பல ஆண்கள் விவாகரத்து செய்யத் தயங்கியிருப்பார்கள். பெண் தானாகப் பெரிய கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாது. ஒரு மெடிம்னோஸ் பார்லியின் மதிப்புதான் அவளுக்கு எல்லை.

ஆண் பிள்ளை இல்லாமல் அப்பா இறந்துவிட்டால் சொத்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகும். சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று அப்பாவின் நெருங்கிய உறவினர் அவளைக் கட்டிக்கொள்ள உரிமை கேட்கலாம். பெரும்பாலும் சித்தப்பா, பெரியப்பா அல்லது அவர்களுடைய மகன்.

பெண்கள் வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டார்களா?

அப்படி ஒரு லட்சியம் இருந்தது. அதைக் கடைப்பிடிக்கப் பணம் வேண்டும். தண்ணீர் எடுக்க, கடைக்குப் போக அடிமை வைத்திருந்தால்தானே மனைவி உள்ளேயே இருக்க முடியும்? ஏழைப் பெண்கள் ரொட்டி விற்றார்கள், பூமாலை கட்டினார்கள், பிரசவம் பார்த்தார்கள்.

இதற்கு மனதைத் தொடும் சாட்சி, கி.மு. 346 வாக்கில் நடந்த ஒரு வழக்கு. குடிமக்கள் பதிவேட்டை மறுபடி சரிபார்த்தபோது யூக்ஸிதியோஸ் என்பவரின் பெயரை அவருடைய ஊர்ப்பிரிவினர் அடித்துவிட்டார்கள். அவர் அம்மா சந்தையில் ரிப்பன் விற்றாள், வேறொருவர் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் செவிலியாக இருந்தாள், குடிமகள் இப்படிச் செய்வாளா என்பது எதிரிகளின் வாதம். அப்பா பேச்சில் வெளியூர் வாடை அடிக்கிறது என்பது இன்னொன்று. யூக்ஸிதியோஸ் மறைக்கவில்லை. ஆமாம், ரிப்பன் விற்கிறோம், நாங்கள் விரும்பும்படி வாழ முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். போர்க்காலத்தில் கணவன் படைக்குப் போய்விட்டதால் கையில் இரண்டு பிள்ளைகளோடு அம்மா அந்த வேலைக்குப் போனாள், ஊரின் துயரத்தில் எத்தனையோ குடிமகள்கள் செவிலியாகவும் நெசவுக்கும் திராட்சை பறிக்கவும் போனார்கள் என்கிறார். அப்பாவைப் போரில் பிடித்து விற்றுவிட்டார்கள், வெளியூரில் நீண்டநாள் அடிமையாக இருந்ததால் பேச்சு மாறிவிட்டது என்கிறார். இந்த வழக்கில் தோற்றால் அவரையே அடிமையாக விற்றுவிடுவார்கள்.

வழிபாட்டில் மட்டும் பெண்களுக்குப் பெரிய இடம் இருந்தது. ஏதென்ஸின் காவல் தெய்வமான அதீனாவுக்கு லிசிமாக்கே என்ற பெண் 64 ஆண்டு பூசாரியாக இருந்தாள். தெஸ்மோஃபோரியா என்ற மூன்று நாள் விழாவில் ஆண்களுக்கு இடமில்லை. சாவு வீட்டில் உடலைக் கழுவி அலங்கரித்து ஒப்பாரி வைப்பதும் பெண்கள்தான். சற்று முன் சொன்ன யூஃபிலேட்டஸின் மனைவியை அந்தக் காதலன் முதன்முதலில் பார்த்ததே அவளுடைய மாமியாரின் சவ ஊர்வலத்தில்தான்.

அடிமைகள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்கள் வாழ்க்கை எப்படி?

போரில் பிடிபட்டவர்கள், கடற்கொள்ளையர் பிடித்தவர்கள், திரேஸ், கேரியா, சிரியா, சித்தியா பக்கம் வியாபாரிகள் வாங்கி வந்தவர்கள். கி.மு. 414இல், தெய்வச் சிலைகளை உடைத்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களின் சொத்தை அரசு ஏலம் விட்டது. அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டினார்கள். பைரேயஸ் துறைமுகத்தில் குடியிருந்த கெஃபிசோடோரஸ் என்பவருடைய அடிமைகள் அதில் வரிசையாக வருகிறார்கள்: திரேஸ் பெண் 165 திராக்மா (கைத்தொழிலாளியின் நாள் கூலி ஒரு திராக்மா), சிரியா ஆண் 301, கேரியாச் சிறுவன் 72. அவர்கள் பெயர்கூட அதில் இல்லை. ஊரும் விலையும் மட்டும்.

வேலையைப் பொறுத்து வாழ்க்கை மாறியது. வீட்டு வேலை, பட்டறை வேலை செய்தவர்கள் ஓரளவு நடமாட முடிந்தது. தெருவில் பார்த்தால் உடையை வைத்து அடிமை யார், குடிமகன் யார் என்று சொல்ல முடியாது என்று அந்தக் காலத்துப் பணக்காரர் ஒருவர் எரிச்சலோடு எழுதியிருக்கிறார். பாசியோன் என்ற அடிமை வங்கித் தொழில் கற்று, விடுதலையாகி, பெரும் செல்வராகி, குடியுரிமையும் பெற்றார். ஆனால் அவரை எடுத்துக்காட்டாக வைத்து ஏதென்ஸின் அடிமைமுறை இளகியது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. லாரியன் வெள்ளிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் குறுகிய பொந்துகளில் எண்ணெய் விளக்கோடு ஊர்ந்து வெட்டினார்கள். நிக்கியாஸ் என்ற தளபதி ஆயிரம் அடிமைகளை ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓபல் என்று சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அடிமையின் சாட்சியம் நீதிமன்றத்தில் செல்ல வேண்டுமானால் அவரைச் சித்திரவதை செய்து வாங்க வேண்டும் என்பது சட்டம்.

பட்டறை ஒன்றிலிருந்து வந்த ஒரு குரல் மட்டும் நம் காதுக்கு எட்டியிருக்கிறது. அகோரா அகழாய்வில் கிடைத்த சின்ன ஈயத் தகடு, கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கடிதம். லெசிஸ் என்ற பையன் தன் அம்மாவுக்கும் செனோக்ளிஸ் என்பவருக்கும் அனுப்பியது. உலோகப் பட்டறையில் செத்துக்கொண்டிருக்கிறேன், கண்டுகொள்ளாமல் விட்டுவிடாதீர்கள், முதலாளிகளிடம் வந்து பேசி வேறு நல்ல இடம் பாருங்கள் என்கிறான். மிக மோசமான ஆளிடம் என்னை ஒப்படைத்திருக்கிறார்கள், சவுக்கால் அடிக்கிறான், கட்டி வைக்கிறான், மண்ணைப்போல் நடத்துகிறான் என்று எழுதியிருக்கிறான். லெசிஸ் அடிமையா, வேலை கற்கப் போன குடியேறி வீட்டுப் பையனா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

வெளியூரிலிருந்து குடியேறியவர்களின் நிலை?

மெட்டிக் என்று அவர்களுக்குப் பெயர். ஆண்டுக்கு ஆணுக்கு 12 திராக்மா, தனித்து வாழும் பெண்ணுக்கு 6 திராக்மா வரி. படையில் சேர வேண்டும். நிலம், வீடு வாங்க முடியாது. அரிஸ்டாட்டில் மெட்டிக்தான். மேலே பெயர் வந்த லிசியாஸும் மெட்டிக்தான். சிரக்கூஸிலிருந்து வந்த அவர் குடும்பத்துக்குக் கேடயப் பட்டறையும் 120 அடிமைகளும் இருந்தார்கள். கி.மு. 404இல் முப்பது பேர் சர்வாதிகாரம் வந்தபோது சொத்துக்காகவே அவர் அண்ணன் பொலிமார்க்கஸைக் கொன்றார்கள். வீட்டுக்குள் புகுந்தவன் அண்ணியின் காதிலிருந்த தங்கக் காதணியைக்கூடக் கழற்றிக்கொண்டான். ஜனநாயகம் திரும்பியதும் லிசியாஸ் இதைப் பேச்சாக எழுதி வைத்தார்.

கூலி எவ்வளவு? ஒரு திராக்மாவின் மதிப்பு என்ன?

6 ஓபல் ஒரு திராக்மா. 100 திராக்மா ஒரு மினா. 60 மினா ஒரு டாலன்ட். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைத்தொழிலாளிக்கு நாளுக்கு ஒரு திராக்மா கிடைத்தது. அக்ரோபோலிஸில் எரெக்தியான் கோயில் கட்டி முடித்தபோது எழுதிய கணக்கு இன்றும் கல்லில் இருக்கிறது. தூண்களுக்கு வரிவரியாகக் குழி செதுக்கிய குழுக்களில் குடிமகன், மெட்டிக், அடிமை மூவரும் ஒரே தூணில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். கூலியில் வித்தியாசம் இல்லை. கட்டடக் கலைஞருக்கும் நாளுக்கு ஒரு திராக்மாதான். அடிமையின் கூலி பெரும்பாலும் உரிமையாளர் கைக்குப் போயிருக்கும் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா?

பையன்கள் போனார்கள், காசு கட்டி. அரசுப் பள்ளி கிடையாது. எழுத்து, இசை, உடற்பயிற்சி மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர். மெழுகுப் பலகையில் கூரான குச்சியால் எழுதினார்கள். ஹோமரின் காவியங்களை மனப்பாடம் செய்தார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வர ஒரு வயதான அடிமை உண்டு. டூரிஸ் என்ற ஓவியர் வரைந்த ஒரு மதுக்கிண்ணம் பெர்லினில் இருக்கிறது. அதில் ஆசிரியர் சுருளை விரித்துப் பிடிக்கிறார், பையன் முன்னால் நிற்கிறான், பின்னால் கையில் தடியோடு அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். பெண் பிள்ளைகள் வீட்டிலேயே நூற்பதும் நெய்வதும் கற்றார்கள்.

சின்ன ஊர்களிலும் பள்ளிகள் இருந்தன என்பது ஒரு கொடுமையான செய்தியிலிருந்து தெரிகிறது. கி.மு. 413இல் மைக்கலெசோஸ் என்ற சிற்றூருக்குள் திரேஸ் கூலிப்படை புகுந்து, அங்கிருந்த பள்ளிகளில் பெரியதான ஒன்றில், அப்போதுதான் உள்ளே போன பிள்ளைகள் அத்தனை பேரையும் வெட்டிப்போட்டது. அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடிஸ் இதைச் சொல்லியிருக்கிறார்.

கழிப்பறை, குப்பை, சாக்கடை?

பெரும்பாலும் மண்சட்டிதான். அகோரா அருங்காட்சியகத்தில் கைக்குழந்தையை உட்காரவைக்கும் மண் கழிப்பு நாற்காலி ஒன்று இருக்கிறது. கால்களை நீட்ட முன்னால் ஓட்டை, கீழே ஓட்டை. நகரத்தைப் பார்த்துக்கொள்ளச் சீட்டில் தேர்ந்த பத்து அதிகாரிகள் இருந்தார்கள். கழிவை அள்ளுகிறவர்கள் கோட்டைச் சுவரிலிருந்து பத்து ஸ்டேடியா, அதாவது சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள் கொட்டாமல் பார்ப்பது அவர்கள் வேலை. தெருவை ஆக்கிரமித்து வீடு கட்டக் கூடாது, தெருவுக்கு மேல் பால்கனி நீட்டக் கூடாது, மேலிருந்து தண்ணீர் தெருவில் கொட்டும்படி குழாய் வைக்கக் கூடாது, ஜன்னல் கதவு தெருப்பக்கம் திறக்கக் கூடாது. தெருவில் இறந்து கிடப்பவர்களை எடுத்து அடக்கம் செய்வதும் இவர்கள் பொறுப்பு. விருந்துகளுக்குக் குழல் வாசிக்கப் போகும் பெண்கள் ஒரு இரவுக்கு 2 திராக்மாவுக்கு மேல் வாங்காமல் பார்ப்பதும் இவர்கள்தான். ஒரே பெண்ணை இரண்டு பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள்.

நோயும் பிள்ளைச் சாவும் அதிகமா?

மிக அதிகம். பிறந்த பிள்ளையை ஐந்தாம் அல்லது ஏழாம் நாள் அடுப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிக் குடும்பத்தில் சேர்ப்பார்கள். பெயர் வைப்பது பெரும்பாலும் பத்தாம் நாள். அதற்குள் இறந்தவற்றுக்குச் சடங்கும் கல்லறையும் வைப்பது குறைவு. அகோரா பக்கம் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கிணறு ஒன்றில் சுமார் 450 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலானவை பிறந்த ஒரு வாரத்துக்குள் இறந்தவை, அதுவும் இயற்கையாக. பிள்ளையை வேண்டாம் என்று வெளியே போட்டுவிடும் வழக்கமும் இருந்தது. அது எவ்வளவு பரவலானது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

கி.மு. 430இல் ஊரையே புரட்டிய கொள்ளைநோய் வந்தது. போருக்காகக் கிராம மக்கள் எல்லோரும் சுவருக்குள் வந்து நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரம். தனக்கும் அந்த நோய் வந்து பிழைத்ததாகத் துசிடிடிஸ் சொல்கிறார். ஒருமுறை பிழைத்தவரை அது மறுபடி கொல்லவில்லை, அதனால் அவர்கள்தான் மற்ற நோயாளிகளிடம் இரக்கத்தோடு நடந்தார்கள் என்று கவனித்து எழுதியிருக்கிறார். 1990களில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது கெரமைக்கோஸ் பகுதியில் சுமார் 150 பேரை அவசரமாகக் குவித்துப் புதைத்த குழி வெளிப்பட்டது. அதில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தியின் மண்டையோடு கெடாமல் இருந்ததால் முகத்தை மீட்டு உருவாக்கி, மிர்ட்டிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஸ்பார்ட்டாவில் பெண்களுக்குச் சுதந்திரம் அதிகமாமே?

ஒப்பிட்டால் ஆமாம். பெண்கள் வெளியில் ஓடி ஆடிப் பயிற்சி செய்தார்கள், சற்று வயது வந்த பிறகே கல்யாணம், சொந்தமாக நிலம் வைத்திருந்தார்கள். நாட்டு நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்ததாக அரிஸ்டாட்டில் குறை சொல்கிறார். அரச குடும்பத்துக் கினிஸ்கா, தன் குதிரைத் தேரை அனுப்பி கி.மு. 396இல் ஒலிம்பியாவில் வென்றாள். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குச் சோறு போட்டது ஹெலட் என்ற அடிமைக் குடியானவர்கள். அவர்கள்மேல் அதிகாரிகள் ஆண்டுதோறும் முறைப்படி போர் அறிவிப்பார்களாம். அப்படி அறிவித்துவிட்டால் ஹெலட்டைக் கொன்றாலும் பாவம் சேராது. ஏழு வயதிலேயே பையன்களை வீட்டிலிருந்து பிரித்துப் படைப் பயிற்சிக்கு அனுப்பியதற்கும் இந்தக் குடியானவர்கள் கிளர்ந்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு காரணம்.

சங்கப் பாடல்களில் வரும் யவனர்கள் இவர்கள்தானா?

இந்த ஏதென்ஸ்காரர்கள் அல்ல. பெரிக்ளிஸ் காலத்துக்கும் முசிறி வணிகம் செழித்த காலத்துக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டு இருக்கிறது. அதற்குள் கிரேக்க உலகம் ரோமப் பேரரசுக்குள் போய்விட்டது. பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்ற யவனர்களில் பலர் ரோம ஆட்சியின் கீழ் இருந்த எகிப்திலிருந்து, செங்கடல் வழியாக வந்தவர்கள். அவர்கள் பேசியதும் கணக்கு எழுதியதும் கிரேக்கத்தில்தான். வியன்னாவில் உள்ள ஒரு பப்பைரஸ் (நாணல் தாள்) ஏடு, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறிப் பயணத்துக்காக வாங்கிய கடன் பற்றிய ஒப்பந்தம் ஒரு பக்கமும், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு மறுபக்கமும் கிரேக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சரக்கில் கங்கைப் பகுதி நறுமண வேரும் யானைத் தந்தமும் இருக்கின்றன.